லேபிள் மட்டும்தானே வேறு என்றேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி போனஸ் போட்ட வாரத்தில், திருப்பூர் முதலிபாளையம் பக்கம் நடந்தது இது. இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் க்யூ.சி. இன்சார்ஜ். பேக்கிங் முடிந்து அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்து, தையல், அளவு, கறை எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே வேலைதான். மேலாக இருக்கும் பெட்டியை இறக்கிக் கொடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மேல் பெட்டியில் நல்ல பீஸாகத்தான் வைத்திருப்பார்கள், இது தெரியாதா எனக்கு? அடியில் இருந்து ஒன்று, நடுவில் இருந்து ஒன்று என்று உருவச் சொல்வேன். பேக்கிங்கில் இருப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும்.

கூடவே இன்னொரு பெயரும் உண்டு. கம்பெனியில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் இரண்டு ஒயரைப் பிடுங்கி மாட்டுவேன், ஓடிவிடும். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வந்துவிட்டது. வந்த பெயரை யார் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் பெயரை நம்பித்தான் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். எங்கள் செக்கிங் டேபிளில் வேலை செய்தவள், ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகளை அம்மிணி என்று கூப்பிடுவோம். அவளையும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் தூக்குப்போசியைத் திறப்பார்கள், அவள் மட்டும் கேட்டைப் பார்த்து ஓடுவாள். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் அவள் குடியிருந்தாள். அரைமணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவாள். சாப்பிட்ட முகமாக இருக்காது.

காரணம் அவள் வீட்டுக்காரர். அவர் பிரிண்டிங் டிசைனர். டீசர்ட்டில் அடிக்கும் படத்தில் ஐந்து கலர் இருந்தால், அதை ஐந்தாகப் பிரித்து, கலருக்கு ஒரு பிலிம் என்று கம்ப்யூட்டரில் தயார் செய்து தர வேண்டும். பதினொரு வருஷம் அதைச் செய்தவர். பிறகு சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. கோயமுத்தூருக்கு நடந்து நடந்து பார்த்தும் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. புது டிசைன் இனி அவரால் போட முடியாது. ஆனால் பழைய டிசைன்கள் இருந்தன. வெளிநாட்டுக்காரன் போன வருஷம் வாங்கிய அதே படத்தை இந்த வருஷமும் கேட்டால், பிரிண்டிங் யூனிட்டுக்கு அதே பைல் வேண்டும். போன் வரும். இவர் யோசித்துப் பைல் நம்பரைச் சொல்வார். அம்மிணி மதியம் ஓடிப்போய் அந்த நம்பரைத் தேடித் திறந்து, சரிபார்த்து அனுப்பிவிட்டு வருவாள். அந்த வீட்டில் அவருக்கு மிச்சம் இருந்த வேலை அது ஒன்றுதான். அவருடைய மரியாதையும் அதில்தான் இருந்தது.

ஆனால் கம்ப்யூட்டர் பழசு. ஆன் செய்து, அது கண் விழித்து, ஒரு பைல் திறப்பதற்குள் அவளுடைய அரைமணியில் முக்கால்வாசி போய்விடும்.

"அண்ணே, பழைய டிஸ்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி.னு ஒண்ணு போட்டா சீக்கிரமா தொறக்குமாமே. அவுக ரேடியோல கேட்டாகளாம். போனஸ்ல கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். நல்லதா ஒண்ணு பாத்து வாங்கித் தாங்கண்ணே" என்றாள்.

"அதுக்கென்னங்கம்மிணி, நானே வந்து போட்டுத் தாரனுங்க" என்றேன். மார்பு கொஞ்சம் விரிந்துதான் இருந்தது.

முதலில் ஒழுங்கான இடத்துக்குத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம். அவள் கொடுத்த பட்ஜெட்டைச் சொன்னேன். பழைய டிஸ்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டார். நானூறு ஜி.பி. இருக்கும் என்றேன்.

"அப்ப ஐந்நூறு ஜி.பி.யே போதுமுங்க. சின்னதா இருந்தாலும் பேர் தெரிஞ்ச கம்பெனியா வாங்குங்க. பில்லும் வாரண்டியும் கையில வச்சுக்குங்க. இன்னொண்ணுங்க, காப்பி பண்ணி முடிச்சதும் பழைய டிஸ்க அழிச்சுப்போடாதீங்க. ஒரு வருசத்துக்கு அது பாட்டுக்கு அலமாரில கெடக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எனக்கோ, இவர் தன் கடைச் சரக்கைத் தள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஐந்நூறில் நானூறு போனால் மிச்சம் என்ன இருக்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு வேலையாகக் காதர்பேட்டை போனேன். பக்கத்துச் சந்தில் செல்போன் கவர், சார்ஜர் எல்லாம் பரப்பி ஒருவர் கடை போட்டிருந்தார். அதில் எஸ்.எஸ்.டி.யும் இருந்தது. ஆயிரம் ஜி.பி. அம்மிணி கொடுத்ததற்குள்ளேயே வந்தது. கம்பெனி பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நான் புருவத்தைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு அந்த ஆள் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சர்ப்ளஸ் மாலுங்க சார். பெரிய கம்பெனிக்குப் போக வேண்டியது. ஆர்டர் கேன்சல். லேபிள மட்டும் மாத்தி வந்திருக்குது."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த வார்த்தை காதில் விழுந்து அப்படியே போயிருக்கும். திருப்பூர்க்காரனுக்கு அது அப்படிப் போகாது. நாங்கள் பிழைப்பதே அந்தக் கதையில்தான். ஒரே துணி, ஒரே தையல், ஒரே டேபிள். கழுத்தில் ஒரு லேபிள் வைத்தால் அது சீமைக்குப் போகும். ஆர்டர் கேன்சலானால் அந்த லேபிளை வெட்டிவிட்டு, அதே பனியனைத் தெருவில் கூறுகட்டி விற்பார்கள். நான் இருபது வருஷமாக லேபிள் உள்ள சட்டை வாங்கியதில்லை. வெளியூரில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் ஷோரூமுக்குப் போனால், "லேபிளுக்குக் காசு கொடுக்கறீங்களேங்க" என்று கிண்டல் செய்வேன். பனியனில் நான் கண்டது நிஜம். சட்டையைக் கையில் வாங்கினால் தடவிப் பார்ப்பேன், இழுத்துப் பார்ப்பேன், தையலைப் புரட்டிப் பார்ப்பேன். இந்தத் தகரப் பெட்டியில் எதைப் புரட்டிப் பார்ப்பது? அது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கே வாங்கிவிட்டேன். பில் கேட்கவில்லை, சர்ப்ளஸுக்கு ஏது பில்?

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, மூலையில் கம்ப்யூட்டர். அவர் நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். நான் ஸ்க்ரூவைக் கழற்றும் சத்தம் கேட்டால்கூட அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

புதிய டிரைவில் எல்லாம் ஏற்றி, பழைய டிஸ்கில் இருந்து பதினொரு வருஷத்து ஃபோல்டர்களையும் காப்பி போட்டேன். முதலில் மெதுவாகத்தான் போயிற்று. போகப் போக நல்ல வேகம் எடுத்தது. "பாத்தீங்களாங்க, என்ன ஓட்டம் ஓடுது!" என்றேன். அவர் சிரித்தார். ஏன் அப்படி ஓடியது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குக் காப்பி முடிந்தது. ஃபோல்டர் எல்லாம் வரிசையாக நின்றன. எண்ணிக்கை சரி, அளவும் சரி. மேலே இருந்த ஃபோல்டரைத் திறந்து நாலு பைலைத் தட்டினேன். கண் சிமிட்டுவதற்குள் படம் வந்தது. ஒரு புலி, ஒரு ரோஜா, ஏதோ இரண்டு இங்கிலீஷ் எழுத்து. அம்மிணி கையைத் தட்டினாள்.

அவர் மட்டும் கேட்டார். "எல்லா வருசத்தையும் தொறந்து பாத்துட்டீகளா சார்?"

வெளியே என் வண்டி வெயிலில் நின்றது. வீட்டில் மனைவி ஜவுளி எடுக்கக் காத்திருந்தாள்.

"பாத்தாச்சுங்க. எல்லாம் சுத்தமா இருக்குதுங்க" என்றேன்.

அடிப்பெட்டியை உருவச் சொல்லி ஊரையே வாட்டி எடுக்கிறவன், கண் தெரியாத ஒரு மனுஷர் வாய்விட்டுக் கேட்டபோது மேல்பெட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

புறப்படும்போது பழைய டிஸ்கை அவரே எடுத்து என் கையில் வைத்தார். எனக்குத் தருவதற்கு வேறு ஒன்றும் இல்லை, இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் அதைச் சொன்னால் என் வேலையில் எனக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடும். அதனால் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே என் மச்சான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட் உண்டு. கேமரா போட்டிருந்தார், அதில் பதிவு செய்யும் டிஸ்க் கெட்டுக் கிடந்தது. தீபாவளிக்கு யூனிட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோமே என்று கவலைப்பட்டார். இந்த டிஸ்கை அழித்து அதில் மாட்டிக் கொடுத்தேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கு உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும். அம்மிணியும் அவரும் ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத்தான் வந்தார்கள். வந்த இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அவள் திரும்பி வந்து என் டேபிள் முன்னால் நின்றாள்.

"அண்ணே, போன வருசத்துப் பைலு ஒண்ணு கேக்காக. தொறக்க மாட்டேங்குது. நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேனோ என்னமோ" என்றாள்.

பர்மிஷன் போட்டுவிட்டுக் கூடவே போனேன். அவர் அதே நாற்காலியில் இருந்தார். நான் அந்தப் பைலைத் தட்டினேன், திறக்கவில்லை. பக்கத்தில் இருந்ததைத் தட்டினேன், அதுவும் இல்லை. அதற்கு முந்தின வருஷத்துக்குப் போனேன். பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, அளவுகூடக் காட்டியது. உள்ளே ஒன்றுமில்லை.

அவர் ஒவ்வொரு நம்பராகச் சொல்ல ஆரம்பித்தார். அது வருதா சார்? இல்லீங்க. இது? இல்லீங்க. சரி, மூணு வருசத்துக்கு முந்தி, மயில் ஒண்ணு, ஏழு கலர், அது? இல்லீங்க. அவர் பார்க்காமல் சொன்ன நம்பர் எல்லாம் கம்ப்யூட்டரில் சொன்ன இடத்தில் சரியாக இருந்தது. ஒவ்வொன்றையும் தட்டி, இல்லை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் நிறுத்திவிட்டார்.

பதினொரு வருஷத்தில் முதல் மூன்று வருஷம் மட்டும் திறந்தது. அந்தப் புலியையும் ரோஜாவையும் இன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

பழைய டிஸ்க் இருக்கிறதே என்று மச்சான் யூனிட்டுக்கு ஓடினேன். கேமரா டிஸ்கை ஓட்டிப் பார்த்தேன். நாலு கேமரா, ராத்திரி பகலாக, பத்து நாளுக்கு மேல். பூட்டிய கேட்டு. அதன் மேல் வெயில் விழுகிறது, போகிறது, மறுபடி விழுகிறது. ஒரு தடவை ஒரு நாய் வந்து படுத்துவிட்டு எழுந்து போகிறது. அந்த மனுஷருடைய மயில்மேல் அந்தப் பூட்டிய கேட்டைத்தான் பதிந்து வைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டு கடைக்காரரிடம் கேமரா டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். கேமரா டிஸ்கில் ஒன்றும் தேறவில்லை என்றார். அப்புறம் அந்த எஸ்.எஸ்.டி.யின் மூடியைக் கத்தியால் நெம்பினார். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் அட்டை. மீதி இடம் வெறும் காற்று.

"இதுல நெசமா இருக்கறது நூத்துச் சொச்சம் ஜி.பி.தானுங்க. அதுவும் எங்கியோ கழட்டுன பழைய சிப்பு. ஆயிரம்னு பொய் சொல்ற மாதிரி பண்ணி வச்சிருக்காங்க. அதுக்கு மேல எழுதறத எல்லாம் வாங்கற மாதிரி வாங்கிக் கீழ போட்டுருமுங்க" என்றார்.

கடைசியில் வேகம் எடுத்தது அதனால்தான். எங்கும் எழுதாத பேனாவுக்கு என்ன தடை? புது டிரைவ் வாங்கினால் முழுக்க நிரப்பி, திரும்ப எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்றும் சொன்னார். அவர் என்னைத் திட்டவே இல்லை. நன்றாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவரிடமே, அவர் முதலில் சொன்ன ஐந்நூறு ஜி.பி.யை என் காசில் வாங்கினேன். பில், வாரண்டி எல்லாம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பொய் சொல்வதாக இல்லை. அன்றைக்கு நாலே பைலைத்தான் திறந்து பார்த்தேன், எல்லாம் பார்த்ததாகச் சொன்னது பொய், டிஸ்கை நான்தான் அழித்தேன் என்று இருவர் முன்னாலும் சொன்னேன்.

அம்மிணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா நானே பாத்துருப்பேன் சார். நீங்க பாத்துட்டேன்னு சொன்னீக."

அதில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

புது டிரைவை மாட்டினேன். திறக்கிற மூன்று வருஷத்தைக் காப்பி செய்துவிட்டு, மீதியை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பெயர்களாவது இருக்கட்டும், எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள் என்றார். உள்ளே ஒன்றுமில்லாத பைல்களின் பெயர்களை ஏற்றினேன். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றினேன்.

அதன்பிறகு பிரிண்டிங் யூனிட்காரர்கள் இரண்டு மூன்று தடவை போன் செய்து பார்த்துவிட்டு, படத்தை வேறு இடத்தில் வரையக் கொடுத்துவிட்டார்கள். போன் நின்றது. அம்மிணி மதியம் ஓடுவதும் நின்றது. எல்லோருடனும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து எனக்குச் சோறு இறங்காது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "அண்ணே, ஊறுகா வேணுமா?" என்று கேட்பாள்.

ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் கம்ப்யூட்டரைப் பார்த்து நம்பர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நம்பருக்கும் அவர் பதில் சொன்னார். "அது பட்டாம்பூச்சி, நாலு கலரு, றெக்கையில மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கும்." அடுத்தது. "அது கப்பலு. தண்ணிக்கு ரெண்டு நீலம் வச்சேன்." அவள் அடுத்த நம்பரை வாசித்தாள். அதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. அவள் இன்னொரு தடவை வாசித்தாள். "மறந்துட்டேன் போலருக்கு" என்றார். நான் கதவைத் தட்டவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி நடந்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவளுடைய அண்ணன் வீட்டோடு இருப்பதாகச் செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள். கம்ப்யூட்டரையும் எடுத்துப் போனார்களா என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன், கேட்கவில்லை.

இன்றைக்கும் அதே வேலைதான் பார்க்கிறேன், இன்றைக்கும் அடிப்பெட்டியைத்தான் உருவச் சொல்கிறேன். ஆனால் சரி என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், "எல்லா வருசத்தையும் தொறந்து பாத்துட்டீகளா சார்?" என்ற குரல் காதில் விழுகிறது. பார்க்க முடியாத ஒருவர் தன் கண்ணுக்குப் பதிலாக என்னை உட்கார வைத்திருந்தார், நான் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன் என்பதை இந்த ஜென்மத்தில் என்னால் மறக்க முடியாது.